கடைசியாக எரிந்த நாள்

பதினோரு வீட்டு அடுப்புகளிலிருந்து எடுத்த மண் பதினொன்றும் நேற்றைய தேதியைத்தான் சொன்னது. மிருதுளா எதிர்பார்த்ததுதான். ஆனால் அதைக் கள்ளியோடை மக்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஆய்வு வண்டியின் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். எதிரே கரிச் சாக்குகள் அடுக்கிய கொட்டகையின் நிழலில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை வருசம் வந்துச்சு மேடம்?" என்று கேட்டாள் தர்ஷினி. ஊர் நிலத்துக்கான மனுவை எழுதியதும், வழக்குக்காக ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்ததும் அவள்தான். முப்பத்தொன்பது வயது. விரல் நுனிகளில் கரி ஏறிப் போயிருந்தது.

"ஒரு நாள்" என்றாள் மிருதுளா.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"ஒரு நாளா? எங்க பாட்டன் காலத்துலேருந்து இங்கதான கெடக்கோம்" என்றாள் தர்ஷினி.

"நீங்க இருக்கீங்க. உங்க அடுப்பு சொல்லாது" என்ற மிருதுளா படியிலேயே உட்கார்ந்தாள். "மண்ணுக்குள்ள பொடிப்பொடியா இரும்புத் துகள் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் காந்த ஊசி மாதிரி. அடுப்பு நல்லா காய்ஞ்சா அதுங்க பிடி விட்டுப்போயிடும். ஆறும்போது, பூமியோட காந்தம் அன்னைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு பலமா இழுக்குதோ அப்படியே இறுகிடும். அந்த இழுப்பு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சம் மாறுது. அதனால எந்த நாள்ல இறுகிச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம். ஆனா மறுநாள் காலையில நீங்க உலை வைக்கிறீங்க இல்லையா, அப்பவே பழசு அழிஞ்சு புதுசு பதிஞ்சிடும். கடைசியா எரிஞ்ச நாளைத் தவிர மண்ணு வேற எதையும் வச்சுக்காது."

கூட்டம் அதை மெல்ல உள்வாங்கிக்கொண்டது.

"அப்ப நாங்க சோறாக்காம இருந்திருந்தா பொழைச்சிருப்போமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஒரு காலத்தில் அவள் ஈராயிரம் ஆண்டுப் பழைய சூளைகளுக்கும், தீயில் வீழ்ந்த ஊர்களின் சுவர்களுக்கும் காலம் கணித்துக்கொண்டிருந்தவள். அப்போதெல்லாம் ஐம்பது வருடம் முன்பின் இருந்தால் யாரும் கவலைப்பட்டதில்லை. பிறகு காந்த ஆய்வு நிலையங்களின் அன்றாடக் குறிப்புகளோடு மண்ணை ஒப்பிட்டு, நாளையும் பொழுதையும்கூடப் படிக்கும் முறை வந்தது. அதே சமயத்தில்தான் காகிதம் செத்தது. பட்டா, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பழைய புகைப்படம், வானத்திலிருந்து எடுத்த படம் என்று எதை வேண்டுமானாலும் எந்திரம் அரை நொடியில் அசலாகவே செய்து கொடுத்தது. எது உண்மையென்று நீதிமன்றங்களுக்குத் தெரியவில்லை. 2049இல் இனிக் காகிதமும் படமும் சாட்சியல்ல என்று தீர்ப்பு வந்தது. பொய் சொல்லத் தெரியாத ஒன்று வேண்டியிருந்தது. சுட்ட மண் கிடைத்தது.

சட்டத்தை எழுதியவர்கள் அதை எளிமையாக வைத்தார்கள். ஒரு குடியிருப்பு 2025க்கு முன்பே இருந்ததென்று காட்ட, அதற்கு முன் கடைசியாக எரிந்த ஓர் அடுப்பாவது அந்த மண்ணில் இருக்க வேண்டும். இந்த விதி விட்டுப் போனவர்களுக்குத்தான் உதவும், தங்கி வாழ்ந்தவர்களுக்கு உதவாது என்று மிருதுளா அந்தச் சட்டக் குழுவுக்கு மூன்று முறை எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

கள்ளியோடையில் நடந்தது அதுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இடிந்து கிடந்தது. கடைசியாக எரிந்தது 1931இல். அதற்கு வாரிசு என்று வந்தவரிடமிருந்து மின்கலக் கிடங்கு கட்டும் ஒரு நிறுவனம் ஓடையின் இரு பக்கத்து நிலத்தையும் எழுதி வாங்கியிருந்தது. நூற்றிருபத்தேழு வருடமாக அங்கே ஒரு மனிதரும் இல்லை. அதனாலேயே அந்தச் சாட்சியம் செல்லும். இந்தப் பக்கம் எண்பத்து நான்கு குடும்பங்கள் சீமைக் கருவேலம் வெட்டி, அதை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டம் போட்டு, தினமும் உலை வைத்து வாழ்ந்துகொண்டிருந்தன. பட்டா இல்லாத இடமென்று மின்சாரமும் எரிவாயுவும் கொடுக்காததால் எல்லா வீட்டிலும் விறகடுப்புதான்.

"அணைஞ்ச அடுப்பு ஒண்ணு இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

எழுபது வயதுக்காரி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னதும் கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஆமால்ல, எங்க பழைய வீடு" என்று தர்ஷினி எழுந்தாள். "ஐயா, நம்ம வீடு."

அவள் அப்பா பூமிநாதன் சாக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர்த் தலைவர். அறுபத்தெட்டு வயது. கரிப்புகை நுரையீரலைத் தின்றிருந்தது. பள்ளிக்கூடமும் குடிநீர்க் குழாயும் ரோடும் இந்த ஊருக்கு அவர் போராடி வாங்கியவை. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"அது இடிஞ்சு மண்ணுமூடிக் கெடக்கு தாயி. அங்க ஒண்ணும் இருக்காது" என்றார்.

"தோண்டிப் பாத்தாத் தெரியும்ல."

இடத்தைக் காட்ட மிருதுளாவை அழைத்துப் போகும்போது தர்ஷினி தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு நாலு வயதில் அம்மா பாண்டிமீனா, பனியன் கம்பெனி வேலைக்கென்று யாரிடமும் சொல்லாமல் திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள். தீபாவளிக்கு முதல் நாள். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் விளக்குக்கூட ஏற்றாமல் பூட்டிவிட்டு, கிழக்கே நூறடி தள்ளிக் குடிசை போட்டு மகளை வளர்த்தார்.

"அம்மா மேல கோவம் இருக்கா?"

"இருந்துச்சு. என்னையும் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? மத்தபடி ஐயா எனக்கு ஒரு கொறையும் வைக்கல."

சாயங்காலம் மிருதுளா வண்டியைப் பூட்டும்போது பூமிநாதன் தனியாக வந்தார்.

"நாளு தெரியும்னு சொன்னீக. பொழுதும் தெரியுமா?"

"ஏறக்குறைய சொல்லலாம் ஐயா. காலையா, மத்தியானமா, அந்த அளவுக்கு."

"யாரு மூட்டுனாகன்னு?"

"அது தெரியாது."

"இப்ப மறுபடி மூட்டுனா?"

"எல்லாம் போயிடும். அதனாலதான் அந்தப் பக்கம் யாரும் தீ வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவர் தலையாட்டினார். அடுத்தவர்களுக்காகக் கவலைப்படும் மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் கருவிகளோடு போனபோது பூமிநாதன் அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். முள்ளை வெட்டி, மணலை வாரி, வீட்டின் தரையைப் பாதி திறந்துவைத்திருந்தார். இந்த வயதில், இந்த நுரையீரலோடு, விடிவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் பிளந்த கருவேல விறகு ஒரு கட்டு. தீப்பெட்டியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, விறகு?"

அவர் அவளைப் பார்க்காமல் ஊர்ப்பக்கம் பார்த்தார். எல்லா வீட்டுக் கூரையிலிருந்தும் காலைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"எண்பத்து நாலு வீடு" என்றார். பிறகு எழுந்து விறகுக்கட்டைத் தோளில் வைத்தார். இரண்டு முறை இருமினார். "எடுத்துக்கங்கம்மா. என்ன வேணுமோ எடுத்துக்கங்க."

அடுப்பு உடையாமல் இருந்தது. பானை உட்காரும் மூன்று குமிழும்கூட அப்படியே இருந்தன. மிருதுளா கிடந்த வாக்கிலேயே திசை குறித்து, விரல் பருமனுக்கு ஆறு துண்டுகள் அறுத்தெடுத்தாள். எழுந்திருக்கும்போது, அடுப்பிலிருந்து நாலடி தள்ளித் தரை சிவந்திருப்பதைப் பார்த்தாள். அடுப்பு வாயைச் சுற்றித் தரை சிவப்பது வழக்கம். நடுவீட்டில் சிவக்காது. தூரிகையால் மணலைத் தள்ளிக்கொண்டே போனாள். சிவப்பு நீண்டுகொண்டே போனது. ஓர் ஆள் படுக்கிற நீளம். அகழாய்வுப் பழக்கத்தில் அங்கிருந்தும் ஒரு துண்டை எடுத்து ஏழாவது மாதிரி என்று எண் போட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு முடிவுகள் வந்தன. அடுப்பு கடைசியாக ஆறியது 2023 தீபாவளிக்கு முதல் நாள், நண்பகல். சட்டத்துக்கு அது போதும். ஊர் பிழைத்தது. ஏழாவது மாதிரியும் அதே நாள்தான், ஆனால் மாலை நாலு மணி. ஐந்நூறு டிகிரிக்கு மேல். சமையல் தீயில்லை. எண்ணெய் ஊற்றிய தீ.

விறகுக்கட்டும் தீப்பெட்டியும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. விதிப்படி அவள் முதலில் நில வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத்தான் சொல்ல வேண்டும். தர்ஷினியைக் கூப்பிட்டாள்.

"அடுப்பு தேதி சரியா வந்திருக்கு. உங்க கேஸ் ஜெயிச்சிடும்."

தர்ஷினியின் முகம் மலர்ந்தது. மிருதுளாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றது.

"இன்னும் என்னமோ இருக்கு. சொல்லுங்க."

சொன்னாள். இடம், நீளம், பொழுது, சூடு. தன் ஊகத்தைச் சேர்க்காமல் மண் சொன்னதை மட்டும் சொன்னாள். தர்ஷினி ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாலு மணிக்கா? திருப்பூர் பஸ் காலையில ஏழு மணிக்குல்ல போகும்?"

அவள் நேரே மூட்டங்களுக்கு நடந்தாள். தனியாக விட மனமில்லாமல் மிருதுளாவும் பின்னால் போனாள். மண் பூசிய ஆறு கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பூமிநாதன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். காத்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

"ஐயா, அம்மா எங்க?"

அவர் கடைசி மூட்டத்தைக் கையால் காட்டினார்.

"அந்த எடம். அப்ப அங்க மூட்டம் போட்டுருந்துச்சு. எட்டு நாள் எரிஞ்சுச்சு."

தர்ஷினி உட்காரவில்லை, அழவில்லை. "ஏன்?" என்றாள்.

"திருப்பூருக்குப் போறேன்னா. உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னா. இந்தக் கரிக்குள்ள எம்மக வளரக்கூடாதுன்னு சொன்னா. நான் குடிச்சிருந்தேன். கெரசினை ஊத்துனேன். கதவை வெளிய நாதாங்கி போட்டேன்." இருமல் வந்து நின்றது. "பயமுறுத்தத்தான் ஊத்துனேன்னு முப்பத்தஞ்சு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். தீக்குச்சியையும் நான்தான் கிழிச்சேன்."

தர்ஷினி மிருதுளாவிடம் திரும்பினாள். "அந்த எடத்து மண்ணைப் பாத்தா ஏதாச்சும் தெரியுமா மேடம்?"

மிருதுளா அந்த மூட்டத்தைப் பார்த்தாள். மாதம் இரண்டு முறை, முப்பத்தைந்து வருடமாக எரிந்த தரை.

"போன வாரத் தேதிதான் வரும்" என்றாள்.

அன்றைக்கே தர்ஷினி பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனாள். பழைய வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையதுதான். அங்கே இன்னும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கேட்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. இருந்தும் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா சின்னம்மா?"

"தெரியும்" என்றாள் பஞ்சவர்ணம். "பட்டாசுச் சத்தத்துல கேக்கலைன்னு அப்பப் பேசிக்கிட்டோம். கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு."

"தெரிஞ்சே தோண்டச் சொன்னீகளா?"

"வேற அடுப்பு இல்லையே தாயி."

வாசலில் நின்ற மிருதுளாவுக்கு அந்தப் பதிலில் குற்றவுணர்வு இருந்ததா என்று தெரியவில்லை. களைப்பு இருந்தது. அடுத்து அந்தப் பெண்கள் கேட்டது வேறு. இப்போது போலீசுக்குப் போகாதே. போனால் அந்த வீடே கொலைவழக்கில் சிக்கும். அடுப்பு மண்ணும் அந்த வழக்கின் சாட்சியமாகும். கம்பெனி வக்கீல் தடை வாங்குவார். பத்து வருடம் இழுக்கும். அதற்குள் எல்லா வீட்டையும் இடித்துவிடுவார்கள்.

"எம்புருசன் செத்தப்ப உங்கய்யாதான் தூக்கிப் போட்டாரு" என்றாள் இன்னொருத்தி. "அவரு நல்லவருன்னு சொல்லல. எங்களுக்குப் போக எடம் இல்லைன்னு சொல்றேன்."

வண்டி கிளம்பும் முன் தர்ஷினி வந்து சன்னலில் கைவைத்தாள்.

"அந்த ஏழாவது மண்ணை எழுதித்தான் ஆகணுமா?"

"தீர்ப்பாயம் அடுப்பைப் பத்தி மட்டும்தான் கேட்டிருக்கு" என்றாள் மிருதுளா. முப்பது வருட வேலையில் அவள் ஒரு மாதிரியைக்கூட மறைத்ததில்லை. மதுரை வரும்வரை தான் சொன்ன அந்தப் பதிலைத் தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அறிக்கையில் ஆறு மாதிரிகள் போயின. ஏழாவதைப் பற்றிய தாளைத் தனியாகக் கையெழுத்திட்டு தர்ஷினிக்கு அனுப்பினாள்.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. மிருதுளா இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அவருக்குச் சாப்பாடு யார் குடுக்கிறது?"

"நான்தான். வச்சுட்டு வந்துருவேன். பேசுறதில்ல."

"உங்களால எப்படி முடியுது?"

"முடியல மேடம்" என்றாள் தர்ஷினி.

தீர்ப்பு குடியிருப்புக்குச் சாதகமாக வந்தது. பத்திரம் பதியும் நாளில், மண்ணுக்குச் சான்றளித்தவர் என்ற முறையில் மிருதுளாவும் வர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக வந்து கைரேகை வைத்துப் பத்திரம் வாங்கிப் போனது. பதிந்துவிட்ட பத்திரத்தை எந்த நீதிமன்றமும் பிறகு தொட முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. முதல் மனுதாரர் பூமிநாதன் என்பதால் அலுவலர் அவரைத்தான் முதலில் கூப்பிட்டார். "நாங்க கடைசியா வாங்கிக்கிறோம்" என்று தர்ஷினி சொல்லிவிட்டாள். தலைவர் வீட்டுப் பெருந்தன்மை என்று அலுவலர் பாராட்டினார். பிற்பகலுக்குள் எண்பத்து மூன்று வீடுகள் பதிந்து முடிந்தன. வாங்கியவர்கள் போகாமல் மைதானத்தில் உட்கார்ந்து தலைவருக்காகக் காத்திருந்தார்கள். யாரோ மாலைகூட வாங்கி வைத்திருந்தார்கள்.

தர்ஷினி அப்பாவை மேசைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயும்தான் பட்டா" என்றார் அலுவலர். "மனைவி பேரு பாண்டிமீனா. காணாமப் போனவங்கன்னு இருக்கு. அவங்க வரணும், இல்லேன்னா இறந்துட்டாங்கன்னு பதியணும். என்ன போடட்டும்?"

"ஐயா சொல்லுவாக" என்றாள் தர்ஷினி. ஏழாவது மாதிரியின் தாளை மடிப்புப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

பூமிநாதன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். ஏழு மாதத்தில் அவள் அவரை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"செத்துட்டா" என்றார்.

"எப்போ?"

"ரெண்டாயிரத்து இருவத்து மூணு. தீபாவளிக்கு முதல் நாளு."

"எப்படி?"

அவர் சொன்னார். ஒரு வார்த்தையும் குறைக்காமல், நாதாங்கியையும் தீக்குச்சியையும் மூட்டத்தையும் சேர்த்துச் சொன்னார். சன்னலுக்கு வெளியே பேச்சு அடங்கிக்கொண்டே வந்து நின்றது. அலுவலர் மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தார். தாளிலிருக்கும் கையெழுத்து தன்னுடையதுதான், ஏழு மாதம் மறைத்ததும் தான்தான் என்று அவள் சொன்னாள். இதோடு தன் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். அலுவலர் காவல் நிலையத்தைக் கூப்பிட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், பாதியில் நின்ற படிவத்துக்கே திரும்பினார்.

"இறந்தப்போ வயசு?"

பூமிநாதன் யோசித்தார். அவருக்கு நினைவில்லை. தர்ஷினிக்குத் தெரியாது. அவளிடம் அம்மாவைப் பற்றிய எந்தக் காகிதமும் இருந்ததில்லை.

வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து பஞ்சவர்ணம் உள்ளே வந்தாள். கையில் அவளுடைய பத்திரம் சுருட்டியபடி இருந்தது.

"இருபத்தாறு" என்றாள். "எழுதிக்கங்க. அன்னைக்கு நாங்க எல்லாரும் வீட்டுலதான் இருந்தோம், அதையும் எழுதிக்கங்க."